மதினியிடம் கேட்ட மஜ்ஜை

என் மகளுக்கு இந்த நோய் வராமல் இருந்திருந்தால், நான் அந்த இரண்டாவது கடிதத்தை எழுதியிருப்பேனா? இன்று வரை எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் நாட்கள் உண்டு. அன்றைக்குச் சாப்பாடு ஒழுங்காக இறங்கும். மற்ற நாட்களில் இறங்காது.

இதைப் படிப்பவர்களில் பலர் ஏதாவது ஒரு மருத்துவமனை வராண்டாவில் உட்கார்ந்து படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் இம்மாதிரிக் கட்டுரைகள் அப்படித்தான் கைக்கு வந்தன. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் தைரியமாக இருந்தார். நான் தைரியமாக இருக்கவில்லை. பெரும்பாலும் கோபமாக இருந்தேன். அதை மறைத்து எழுதினால் இது உங்களுக்குப் பயன்படாது.

முதலில் எங்கள் குடும்பத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நோயும் புரியாது.

நாங்கள் கோட்டையூரில் இருக்கிறோம். என் கணவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். நான் பிறந்தது கல்லலில், விவசாயக் குடும்பத்தில். என் மாமியார் என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. எங்கள் இரண்டு வீடுகளிலும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது வழக்கம். மாமியாரை இங்கே கொடுத்தபோது, இந்த வீட்டுப் பெண்ணான என் அம்மாவை அங்கே எடுத்தார்கள். அடுத்த தலைமுறையில் என்னை இங்கே கொடுத்து, என் கணவரின் அக்கா பிலோமினாவை என் அண்ணனுக்கு எடுத்தார்கள். ஒரே நாள், ஒரே பீடத்தின் முன்னால் இரண்டு திருமணங்கள்.

நாங்கள் கத்தோலிக்கர்கள்; நெருங்கிய உறவில் திருமணம் செய்ய ஆயரிடம் (பிஷப்) விதிவிலக்கு வாங்க வேண்டும். அதற்காகப் பங்குச் சாமியார் ஒரு முழுத்தாளில் இரண்டு குடும்பங்களையும் கட்டம் கட்டமாக வரைந்தார். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. "என்னம்மா இது, கூடை முடையுற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது இருபது வயது.

இப்படிப்பட்ட திருமணங்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அங்கே போன பெண் வாழாமல் திரும்பினால், இங்கே வந்த பெண்ணும் திரும்ப வேண்டும்.

நாலு வருடம் கழித்து பிலோமி மதினி திரும்பி வந்தார். உதடு கிழிந்திருந்தது. அண்ணன் குடித்துவிட்டு அடிப்பது எனக்குத் தெரியும். அவருடைய இரண்டு வயது மகனை அண்ணன் அனுப்பவில்லை. மாமியார் என் பெட்டியை எடுத்துத் திண்ணையில் வைத்தார். "எம்மக அங்குட்டு வாழலைன்னா நீ மட்டும் இங்குட்டு எதுக்கு? கெளம்பு" என்றார். என் மகள் நிம்மிக்கு அப்போது மூன்று வயது.

நான் கிளம்பவில்லை. கடிதம் எழுதினேன். பங்குச் சாமியாருக்கு, நாலு பக்கம். மதினிக்கு மனநிலை சரியில்லை என்றும், கல்லல் வீட்டுக் கிணற்றில் அவர் தம் பிள்ளையைப் போடப் பார்த்ததை நானே கண்ணால் கண்டேன் என்றும் எழுதினேன். உண்மையில் நான் கண்டது, அவர் கிணற்று மேடையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை மட்டும்தான். நான் பி.ஏ. படித்தவள். என் கையெழுத்து அழகாக இருக்கும். யாரும் சந்தேகப்படவில்லை. குற்றம் மதினியின் மேல் விழுந்ததால் நான் இந்த வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று ஆயிற்று. பிள்ளை தகப்பனிடமே இருக்கட்டும் என்றும் ஆயிற்று.

அதற்குப் பிறகு நானும் மதினியும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பங்கரையில், பேசாமல் இருந்தோம். தேவையானதை நிம்மி வழியாகச் சொல்லிக்கொண்டோம். "அத்தைட்ட உப்பு ஜாடி எங்கேன்னு கேளு பாப்பா." "ஒங்கம்மாட்ட சொல்லு, கண்ணு இருந்தா தெரியும்னு."

ஆறு மாதம் கழித்து நிம்மியின் தொடையில் நீலமாகக் கன்றிய தடங்களைப் பார்த்தேன். முதல் அறிகுறி அதுதான். எனக்கு நோய் என்று தோன்றவே இல்லை. மதினி கிள்ளியிருக்கிறார் என்று தோன்றியது. அவர் பிள்ளையை நான் பிரித்தேன், என் பிள்ளையை அவர் கிள்ளுகிறார். அந்த வீட்டில் அதுதான் இயல்பான விளக்கமாக இருந்தது.

அன்றுதான் மௌனத்தை உடைத்தேன். "பச்சப்பிள்ளை ஒங்களை என்ன பண்ணுச்சு? எதுக்கு இப்படிக் கிள்ளி வச்சிருக்கீக?"

மதினி பிள்ளையை வாசலுக்கு இழுத்துப்போய் வெளிச்சத்தில் காலைத் திருப்பிப் பார்த்தார். "கிள்ளுனா நகத்தடம் இருக்கும். இது உள்ளயிருந்து வருது. டாக்டர்ட்ட காமி" என்றார்.

அவர் சொன்னதாலேயே நான் போகவில்லை. பத்து நாட்கள் போகவில்லை. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்காமல் வந்த பிறகுதான் காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பத்து நாளில் எதுவும் மாறியிருக்காது என்று பிற்பாடு மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். மூவரிடமும் நான்தான் கேட்டேன். நாலாவது ஒருவரைப் பார்த்தால் அவரிடமும் கேட்பேன்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த காரைக்குடி டாக்டர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. மதுரைக்குச் சீட்டு எழுதினார். மதுரையில் இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை (எலும்பின் உள்ளே இருக்கும், ரத்தம் ஊறுகிற சதை) எடுத்துப் பார்த்து, லுகேமியா என்றார்கள். ரத்தப் புற்றுநோய். முதிராத வெள்ளை அணுக்கள் மஜ்ஜையில் களைபோல மண்டி, நல்ல அணுக்கள் ஊற இடமில்லாமல் செய்துவிடும் நோய்.

இரண்டரை வருடம் மருந்து. முதுகுத்தண்டில் ஊசி. முகம் உப்பி, முடி உதிர்ந்து, முடி முளைத்து, மறுபடி உதிர்ந்தது. பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கருத்தும் கொண்டுவந்தார்கள். "சொந்தத்துக்குள்ளேயே மாத்தி மாத்திக் கட்டுனா ரத்தம் கெடாம என்ன செய்யும்?" என்று என் காதுபடச் சொன்னவர் மூன்று பழம் வாங்கி வந்திருந்தார். பழத்தை அவர் பையிலேயே திருப்பிப் போட்டேன். என் கணவர் அதற்காக ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றும் நான் அதற்காக வருந்தவில்லை.

மருந்து முடிந்து எட்டாவது மாதம் நோய் திரும்பியது.

மதுரை டாக்டர் எங்களை வடக்கே ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் எப்போதும் களைத்திருந்த ஒரு நடுவயது டாக்டர். இனி மருந்தால் நோயை அடக்கலாம், அழிப்பது கடினம் என்றார். நோய் அடங்கியிருக்கும் இடைவெளியில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்ய வேண்டும். கெட்ட மஜ்ஜையை மருந்தால் முழுவதும் எரித்துவிட்டு, பொருந்துகிற ஒருவரின் மஜ்ஜையிலிருந்து மூல அணுக்களை (ரத்தத்தின் எல்லா அணுக்களையும் பெற்றுப்போடும் தாய் அணுக்கள்) எடுத்து ஏற்றுவது. அவை தாமாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறும் என்றார். "குடியேறலாம்" என்று பிறகு திருத்திக்கொண்டார்.

என் கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். எட்டாக மடித்து வைத்து மடிப்புகள் கிழிந்திருந்தன.

"சார், அமெரிக்காவுல மரபணுச் சிகிச்சைன்னு போட்டிருக்கு. கெட்டுப்போன மரபணுவைச் சரி பண்ணி, அவங்கவங்க ரத்தத்தையே திருப்பிக் குடுத்துர்றாங்களாம். இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல வந்துரும்ங்கிறான். அதுவரைக்கும் மருந்துலயே ஓட்டலாமா?"

டாக்டர் துண்டை முழுவதும் வாசித்தார். அதற்காக அவரை மதிக்கிறேன். "இதுல எத்தனை பேரு பொழைச்சாங்கன்னு போட்டிருக்கா?"

"இல்லை சார்."

"ஏன் போடலைன்னு யோசிச்சீங்களா?" துண்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "வரும். எப்பன்னு எனக்குத் தெரியாது. அதை எழுதுனவருக்கும் தெரியாது. உங்க பொண்ணுக்கு நான் தர்ற டைம் மூணு மாசம். அதுக்குள்ள டோனரைக் கொண்டாங்க."

வராண்டாவில் என் கணவரோடு சண்டை போட்டேன். பத்திரிகைக்காரனுக்கு நம்பிக்கை விற்றாக வேண்டும், அதை நீங்கள் பையில் வைத்துக்கொண்டு திரிகிறீர்கள் என்று கத்தினேன். ஆனால் அவர் குளிக்கப் போயிருந்தபோது நானும் அந்தத் துண்டை எடுத்து வாசித்தேன். ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. அவரவர் ரத்தத்தையே சரிசெய்து திருப்பிக் கொடுப்பது. அப்படியானால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. என் கணவரும் அதைத்தான் அதில் பார்த்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது. நாங்கள் இருவரும் ஒரே ஆளிடம் கேட்கப் பயந்துகொண்டிருந்தோம்.

நிம்மிக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. பொதுவாகக் கூடப்பிறந்தவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆனால் நாங்கள் உறவுமுறையைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு தலைமுறை மாறி மாறிக் கட்டியிருந்தால், அத்தை மாமன் வகையில்கூடப் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்றார். யார் வாயிலிருந்தெல்லாமோ வசவாக வாங்கிய விஷயம் முதல் முறையாக நல்ல செய்தியாகத் திரும்பி வந்தது. "ஃபேமிலி ஃபுல்லா வரைஞ்சு குடுங்க. ஒருத்தர் விடாம" என்று வெள்ளைத்தாளைத் தள்ளினார்.

நான்தான் வரைந்தேன். சாமியார் வரைந்ததை நினைவில் வைத்து, கட்டம் கட்டமாக. அந்தக் கட்டங்களில் இருந்தவர்களையெல்லாம் வேன் பிடித்து ஏற்றி வந்தோம். பதினோரு பேர். எச்.எல்.ஏ. பரிசோதனை (வெள்ளை அணுக்களின் அடையாளங்களை ஒப்பிடும் திசுப் பொருத்தப் பரிசோதனை) செய்தார்கள். நான் பாதிதான் பொருந்தினேன். கணவரும் பாதி. அண்ணன், அம்மா, மாமியார், சித்தப்பா பிள்ளைகள் யாரும் முழுதாகப் பொருந்தவில்லை.

டாக்டர் என் படத்தை எடுத்து மேசையில் விரித்தார். பேனாவால் என் கணவரின் கட்டத்தைத் தொட்டார். "உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?"

என் கணவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். எட்டு வருடம் என்னோடு ஒரே கோட்டில் இருந்த ஒரு கட்டத்தை நான் வரையாமலே விட்டிருந்தேன். வேண்டுமென்றே விட்டேனா, கை தானாக விட்டதா என்றால் அதற்கும் எனக்குப் பதில் தெரியாது. மூன்று மாதத்தில் ஐந்து வாரம் அதற்குள் போய்விட்டது.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, மதினி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"மதினி."

திரும்பவில்லை.

"மதினி, நிம்மிக்கு..."

"தெரியும். ஊரையே வேன்ல ஏத்துனீகள்ல. கொல்லையில கெடக்குற நாயும் நானுந்தான் பாக்கி. இன்னைக்கு யாரு மொறைன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"கையில கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பாப்பாக. பொருந்துச்சுன்னா மயக்கம் குடுத்து இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பாக. ஒரு வாரம் வலிக்கும். ஆபத்து இல்லைங்கிறாக."

"நீ அந்தக் காயிதத்துல எழுதுனது நெசமா?"

கிட்டத்தட்ட நாலு வருடத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் முறை.

"இல்லை" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத் தெரியாததா? சாமியார்ட்டச் சொல்லு. எழுதிச் சொல்லு, அதே கையெழுத்துல. ரெண்டு வீட்டாளுகளையும் வச்சுக்கிட்டு வாசிக்கட்டும். பெறகு நான் ரத்தம் குடுக்க வாரேன்."

"பொருந்தலைன்னா?"

"பொருந்தலைன்னாலும் எழுதுனது எழுதுனதுதான்."

"ஒரு பிள்ளை உசிரை வச்சுப் பேரம் பேசுறீகளே மதினி, நல்லாருக்கா?"

அவர் ஒரு சேலையைப் பிழிந்து உதறினார். தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. "எங்கிட்டயே கேக்குறியா இதை?"

மூன்று நாட்கள் எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் மூன்று மாதத்திலிருந்து கழிகிறது என்று தெரிந்தே எழுதவில்லை. எழுதினால் அண்ணனோடு உறவு முடியும். அம்மா வீட்டு வாசல் அடைபடும். பொருந்தாமல் போனால் எல்லாம் போனதுதான் மிச்சம். என் மகளின் உயிர் ஒரு பக்கம் இருக்கும்போதே நான் இதையெல்லாம் யோசித்தேன். உங்களில் யாராவது அப்படி யோசித்திருந்தால், நீங்கள் மட்டும் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் கணவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குக் கிணற்று விஷயம் பொய் என்று தெரியாது. "நீ எழுதுனதை நம்பித்தானே நான் எங்கக்காவை ஒரு மாதிரியாப் பாத்தேன். பிள்ளையை அவ கையில குடுக்கவே பயந்தேன்" என்றார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு இன்று வரை நான் எழுதிய மளிகைச் சீட்டைக்கூட அவர் ஒரு முறைக்கு இருமுறை வாசிக்கிறார்.

நாலாம் நாள் எழுதினேன். அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து, சாமியார் வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பத்தையும் உட்காரவைத்துச் சாமியார் அதை வாசித்தார்.

அண்ணன் சிரித்தான். "சாமி, இதுதான் பொய். எந்தங்கச்சிக்கு மஜ்ஜை வேணும். பிலோமி கேட்டா, இவ எழுதிக் குடுத்துட்டா. மொதக் காயிதம் சும்மா எழுதுனது, ரெண்டாவது வெலைக்கு எழுதுனது. எதை நம்புவீக?"

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. பொய் எழுதியவள் அது பொய் என்று எழுதினால் எதை நம்புவது? சாமியார் இரண்டு கடிதங்களையும் கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்து இரண்டிலும் அழகாகத்தான் இருந்தது.

அப்போது என் அம்மா, பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தவர், பேசினார்.

"அந்தக் கெணத்துக்கு இரும்பு வலை போட்டு மூடியிருக்கு சாமி. எம்பிள்ளைக ரெண்டு பேரும் வெளையாடுற வயசுலயே போட்டது. வாளி எறங்குற ஓட்டைதான் இருக்கு. அதுல பிள்ளைய எப்படிப் போடுறது?"

சாமியார் அம்மாவைப் பார்த்தார். "இதை ஏம்மா அப்பவே சொல்லலை?"

"யாரு கேட்டா? சாமி காயிதத்தை வாசிச்சீக, முடிச்சீக. எம்மகளை இங்குட்டிருந்து அனுப்பிருவாகளோன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

அந்த வலையைப் பிடித்து ஏறி விளையாடியவள் நான். அது இருப்பது தெரிந்தேதான் எழுதினேன். கல்லலுக்கு அரைமணி நேரம் பேருந்தில் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். படித்தவள் எழுதியிருக்கிறாள் என்று யாரும் போகவில்லை.

ஒரு மாதத்துக்குள் மதினியின் மகன் கோட்டையூருக்கு வந்தான். முதல் நாள் தாயின் முகம் தெரியாமல் என்னை அம்மா என்று நினைத்து என் அருகில் வந்து நின்றான். மதினி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன், "இனிமே எனக்குத் தங்கச்சி இல்லை" என்று சொல்லியனுப்பினான். அப்படியே இருக்கிறான்.

மதினி சொன்ன சொல் தவறவில்லை. அந்த ஞாயிறுக்கு மறுநாளே கை நீட்டி ரத்தம் கொடுத்தார். முடிவு வர ஒன்பது நாள். முழுப் பொருத்தம்.

மதுரை டாக்டரின் அறையில் தொலைபேசியில் அதைக் கேட்டபோது நான் சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கிட்டத்தட்ட நாலு வருடம் என் பின்னால், என் அடுப்பங்கரையில், நான் ஒதுக்கிவைத்த தட்டில் சாப்பிட்டுக்கொண்டு என் மகளின் மருந்து உட்கார்ந்திருந்திருக்கிறது.

மாற்றுச் சிகிச்சையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். அறுவை எதுவும் இல்லை. அதற்கு முந்தைய வாரம் கொடுக்கும் மருந்துதான் கொடூரம். வாயிலிருந்து வயிறு வரை உள்தோல் உரிந்துவிடும். எச்சில் விழுங்கப் பிள்ளை அழும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்ப்பேன். மஜ்ஜை ஏற்றும் நாளில் அது ஒரு பையில் சிவப்பாக வந்து, சாதாரண ரத்தம்போல நரம்பில் இறங்கியது. இவ்வளவுதானா என்று இருந்தது.

மதினி அதற்குச் சற்றுமுன்தான் மயக்கம் தெளிந்து, பக்கத்துக் கட்டிடத்தில் குப்புறப் படுத்திருந்தார். இடுப்பில் இரண்டு பக்கமும் பெரிய கட்டு. பார்க்கப் போனேன். "வலிக்குதா மதினி?" என்றேன்.

"பெத்தபோது வலிச்சதுல பாதி. அந்தப் பிள்ளையாச்சும் நெலைக்கட்டும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினெட்டாம் நாள் வெள்ளை அணுக்கள் தலைகாட்டின. டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். அதற்கடுத்த மாதம் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிந்தது. ஒட்டுஎதிர்ப்பு நோய் என்றார்கள் (புதிதாகக் குடியேறிய அணுக்கள், வந்த உடம்பையே அந்நியமாக நினைத்துத் தாக்குவது). கேட்டதும் மதினியின் ரத்தம் வேறு என்ன செய்யும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகக் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பிறகும் நினைத்தேன். அதை அடக்குவதற்காகக் கொடுத்த எண்ணெய் மருந்தால் நிம்மியின் நெற்றியிலும் கன்னத்திலும் முடி வளர்ந்தது. பிள்ளைகள் கேலி செய்தார்கள். ஒரு வருடத்தில் அதுவும் போயிற்று.

மாற்று நடந்த நாளை மருத்துவமனையில் சுழியம் என்று எண்ணுகிறார்கள். அதிலிருந்து ஒன்று, இரண்டு என்று போகும். அந்தக் கணக்கில் நிம்மிக்கு இப்போது இரண்டேகால் வயது. பழைய தடுப்பூசிகள் எல்லாம் அழிந்துபோனதால், எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டியிருந்தது. சுகாதார நிலையத்தில் கைக்குழந்தைகளின் வரிசையில், தாயின் தோளுயரம் வளர்ந்த பிள்ளையோடு நான் நிற்கிறேன். நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு, "பிறந்த தேதி தப்பா?" என்று கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் எந்தத் தேதியைச் சொல்வதென்று எனக்குத் தடுமாறுகிறது.

ரத்த வகையும் மாறிவிட்டது. பிறக்கும்போது ஓ. இப்போது மதினியைப் போல பி. நிம்மி சிரித்தால் மாமியார், "அப்படியே எம்மக சிரிப்பு" என்கிறார். எலும்புக்குள் போனது சிரிப்பில் எப்படி வரும், ரத்தம் வேறு சிரிப்பு வேறு என்று சத்தம் போடுகிறேன். பிறகு, முன்பும் அப்படித்தான் சிரித்தாளா என்று பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்க்கிறேன். என் வயிற்றில் உருவான உடம்பு, அதில் ஓடுவது நான் பழி சுமத்தியவரின் ரத்தம். நிம்மி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், துடைக்கும்போது என் கை ஒரு நொடி நின்றுதான் போகிறது.

நோய் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். டாக்டர் ஐந்து வருடம் முடியட்டும் என்கிறார். போன தடவை போயிருந்தபோது, திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். என் கணவர் என் காலை மிதித்தார். டாக்டர், அதே டோனரிடமிருந்து மறுபடி அணுக்கள் எடுக்க வேண்டி வரலாம், அவரைத் தொடர்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சொல்லிவிட்டு, "உங்க பேப்பர்காரர் சொன்ன மரபணு வந்துருச்சா?" என்று என் கணவரைச் சீண்டினார். அந்தத் துண்டு இப்போது என் செபப் புத்தகத்தில் இருக்கிறது.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

மதினிக்குத் தொலைவில் வேறு மாவட்டத்தில், ஒரு கன்னியர் மடத்து விடுதியில் சமையல் வேலை கிடைக்கும்போல இருக்கிறது. மகனும் அங்கேயே படிக்கலாம். ஜூனில் சேர வேண்டும். மடத்தில் நன்னடத்தைக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கும் இடம் என்பதால், கூட இருந்து பார்த்த ஒருவர் எழுத வேண்டுமாம். சாமியார் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

மதினியே வந்து கேட்டார். நிம்மி வழியாக அல்ல, நேராக. அடுப்படி வாசலில் நின்று, "எழுதிக் குடு. இந்தத் தடவை பாத்ததை மட்டும் எழுது" என்றார்.

எட்டு நாட்களாகக் காகிதம் மேசைமேல் இருக்கிறது. எழுதினால் அவர் போய்விடுவார். அங்கிருந்து எங்களுக்குக் கடிதம் போடமாட்டார், முகவரியும் கேட்டால்தான் தருவார். எழுதாவிட்டால் அவர் இங்கே, என் கண்முன்னால், என் மகளுக்கு எட்டும் தூரத்தில் இருப்பார். மாமியாரும் கணவரும் மேசையைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள்.

எழுதிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னைப் பற்றி நான் நினைப்பது பலமுறை தப்பாகியிருக்கிறது.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பி, கொடுத்தவரிடம் இரண்டாம் முறை போய் நின்றவர்கள் உங்களில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அவர் எவ்வளவு தொலைவில் இருந்தார்? எத்தனை நாளில் வந்தார்? என்ன வார்த்தை சொல்லிக் கேட்டீர்கள்? அவரை மருந்துப் புட்டியைப்போலப் பூட்டி வைத்துக்கொள்ள நினைக்கிறோம் என்று தோன்றாதபடி, "முகவரி கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று எப்படிச் சொல்வது? மே மாதம் முடிவதற்குள் தெரிந்தால் நல்லது.